நீந்த மறுத்த சாட்சி

"இதை மாட்டினா முடி கொட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் என் வழுக்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று முடிவு செய்தார்கள்.

டாக்டரின் கையில் இருந்தது நீச்சல்காரர்கள் போடுவது மாதிரி ஒரு கறுப்புத் தொப்பி. அதன் மேல் வரிசையாகப் பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயர் கிளம்பி, எல்லாமாகச் சேர்ந்து ஒரு சின்னப் பெட்டிக்குள் நுழைந்தன. பெட்டியிலிருந்து ஒரே ஒரு கேபிள் வெளியே வந்து, சக்கர மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டருக்குப் போனது.

கட்டிலில் கிடந்த பெண் ஒரு நீச்சல் கோச். அவரிடம் நீச்சல் பழகிய எல்லோரும் அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் வடித்திருந்த குளத்தின் தரையில் மண்டை உடைந்து கிடந்தவரை ஒரு காலையில் தூக்கி வந்திருந்தார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் உடம்பில் ஒரு விரல்கூட அசையவில்லை. கண்கள் திறந்திருந்தன. பார்வை எதன்மேலும் நிற்கவில்லை.

தள்ளியது அவருடைய தம்பிதான் என்பது இன்ஸ்பெக்டரின் கட்சி. குளத்தின் பம்பையும் வடிகட்டியையும் பார்த்துக்கொள்வது அந்தத் தம்பி. கழுவுவதற்காகத் தண்ணீரை வடித்தவனும் அவனே. வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று அவன் சொல்ல, போகக்கூடாது என்று அக்கா சொல்ல, இருவரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டதை அக்கம்பக்கம் முழுவதும் கேட்டிருக்கிறது. இப்போது அவன் கதவோரம் ஒரு கான்ஸ்டபிளின் பிடியில் நின்றுகொண்டிருந்தான். ஆனால் நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்த ஒரே ஆள் கட்டிலில்.

"அவங்களையே கேட்டுடலாம்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னவர் டாக்டர். நடுநிலையான ஒரு சாட்சி வேண்டும் என்று அவர் கூப்பிட்டது என் பாஸை.

பாஸ் ஒரு பெண்மணி. துப்பறிவது தொழில். நான் அவருடைய உதவியாளன். வாய் மூடாதவன் என்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் அவர்தான். அணைக்கிற பொத்தானை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். டாக்டரும் பாஸும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இன்றைக்கும் பாஸ் அவரை 'மூளை' என்பார். அவர் பாஸை 'மோப்பம்' என்பார்.

டாக்டர் தொப்பியைக் கோச்சின் தலையில் பொருத்தினார். "தலையைத் திறக்க வேண்டாம், ஊசி குத்த வேண்டாம். தொப்பியில இருந்து ஒரு வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும். மூளையோட மேல்பக்கத்தைத் தொட்டுட்டுத் திரும்பி வரும். மூளையில எந்த இடம் வேலை செய்யுதோ அங்கே ரத்தம் பாயும். புது ரத்தம் ஒரு சிவப்பு, வேலை பார்த்துக் களைச்ச ரத்தம் இன்னொரு சிவப்பு. திரும்பி வர்ற வெளிச்சம் அதைக் காட்டிக் கொடுத்துடும்."

"என் வீட்டுக்காரி தொப்பி இல்லாமலே இதைச் செய்வா டாக்டர்."

"ரேடியோ" என்றார் பாஸ். நான் ஒலியைக் குறைத்துக்கொண்டேன்.

"பதில் எப்படிச் சொல்வாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாம்னா நீந்தறதா மனசுல நினைக்கணும். கையை வீசி, காலை அடிச்சு, நிஜமா நீந்தற மாதிரி. கை கால் அசையாது. ஆனா அதை அசைக்கிற இடத்துக்கு ரத்தம் ஓடும், கோடு மேல ஏறும். இல்லைன்னா சும்மா இருக்கணும். கோடு படுத்துக்கும்."

திரையில் ஒரு சிவப்புக் கோடு ஓட ஆரம்பித்தது. பாஸ் எல்லோரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு கைபேசியில் வீடியோப் படம் எடுத்தார்.

"கோடு பொடிப்பொடியா நடுங்குதே, அது என்ன?" என்று கேட்டார்.

"இதயத் துடிப்புடி. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் ஒரு தள்ளு தள்ளும் இல்ல? அதுகூட இதுல விழும். அவ்வளவு நுணுக்கம்!" டாக்டரின் குரலில் பெருமை வழிந்தது. தலைமாட்டில் இருந்த இன்னொரு மானிட்டர் பீப் பீப் என்று அவசரமாகக் கத்திக்கொண்டிருந்தது. "காலையில இருந்து லேசா ஜுரம். அதான் அது பதறுது. பயப்பட ஒண்ணுமில்ல."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் உட்கார்ந்தார். "கோச், நீங்க நீச்சல் சொல்லித் தர்றவங்களா?"

கோடு மெல்ல எழும்பி ஒரு மலையாக ஏறி இறங்கியது. இன்ஸ்பெக்டரின் வாய் பிளந்தது.

"நீங்க தையல்காரரா?"

கோடு படுத்தே கிடந்தது. நன்றாகப் பார்க்கலாமே என்று நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். முழங்கை பட்டு, தலைமாட்டில் இருந்த ஸ்டீல் தட்டு கத்தரி, கிண்ணம், இடுக்கி எல்லாவற்றோடும் தரையில் விழுந்தது. இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. கான்ஸ்டபிள் கைதியின் பின்னால் ஒளிந்தார். டாக்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. பாஸ் என் பரம்பரை முழுவதையும் ஒரே பார்வையில் திட்டி முடித்தார்.

"மன்னிச்சுக்கங்க. ஒண்ணும் உடையல."

டாக்டர் மூச்சை இழுத்துவிட்டுக் கொண்டார். "கோச், உங்களைக் குளத்துல தள்ளினது உங்க தம்பியா?"

கோடு ஏறியது. வழுவழுவென்று அழகாக ஏறியது.

"அக்கா!" தம்பி கான்ஸ்டபிளை இழுத்துக்கொண்டே கட்டிலுக்குப் பாய்ந்தான். "நான் உன்னைத் தொடக்கூட இல்லையேக்கா! ஏன்க்கா இப்படிச் சொல்றே? டாக்டர், அவளுக்குப் புரியல, இன்னொரு தடவை கேளுங்க!"

டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். கோடு இன்னொரு தடவை ஏறியது.

அவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அவன் முகத்தில் ஏதோ அணைந்துபோனது. "அம்மா போனப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தவ நீ. நீயே சொல்லிட்டே. இனிமே நான் யார்கிட்டப் போய் இல்லைன்னு சொல்றது?" கான்ஸ்டபிளிடம் தானே கையை நீட்டினான். "கூட்டிட்டுப் போங்க சார்."

கோச்சின் இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு கிளம்பிக் காதை நோக்கி ஓடியது. டாக்டர் பஞ்சால் துடைத்தார். "கண்ணு வறண்டா இப்படித்தான் தண்ணி வரும்."

வெளியே வரும்போது அவர் பாஸின் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீ கூட இருந்தது நல்லதாப் போச்சுடி. உன் வார்த்தைக்கு மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"பையன் எப்படி இருக்கான்? போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்கறான்."

"பரீட்சைடி. ரூமை விட்டே வெளிய வர்றதில்ல" என்றார் டாக்டர்.

காரில் ஏறியும் பாஸ் சாவியைத் திருகவில்லை. கைபேசியில் எடுத்த படத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். எனக்குத் தெரிந்தவரை ஒரு வழக்கு முடிந்தால் அவர் முதலில் பசிக்கிறது என்பார்.

"ரேடியோ, அந்த பீப் சத்தத்துக்குத் தகுந்த மாதிரி தொடையில தட்டு."

தட்டினேன். டக டக டக டக.

"தட்டிக்கிட்டே இரு. நான் கோட்டோட நடுக்கத்துக்குத் தட்டறேன்."

அவர் ஸ்டீயரிங்கில் தட்டினார். டக்... டக்... டக்... நான் ரெண்டு தட்டி முடிப்பதற்குள் அவர் ஒன்றுதான் தட்டினார். நான் கல்யாண ஊர்வலம், அவர் சவ ஊர்வலம்.

"பாஸ், ரெண்டும் ஒரே ஆளோட துடிப்புதானே?"

"அப்படித்தான் அவ சொன்னா."

"அப்போ ஒரு உடம்புல ரெண்டு இதயமா?"

அவர் படத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி ஓட்டினார். தட்டு விழுகிற இடம் வந்தது. "இப்போ கோட்டைப் பாரு."

பார்த்தேன். காரிலேயே ஒரு தடவை துள்ளினேன். அந்தச் சத்தம் அப்படி. ஆனால் கோடு அசையவில்லை. கோச்சின் காதுக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை கவிழ்ந்திருக்கிறது, கோடு பாட்டுக்கு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. தம்பி கதறிய இடமும் அப்படியே.

"கேள்விக்கு மட்டும் பதில் சொல்ற மூளை, மத்த நேரம் செவிடா?" என்றேன். "பாஸ், அது அப்போ ஓடின கோடு இல்ல. எப்பவோ எடுத்து வச்சது. ஆமாம்னு ஒரு துண்டு, இல்லைன்னு ஒரு துண்டு. மேஜையில உக்காந்து எதை வேணும்னாலும் ஓட்டலாம். அங்கே உக்காந்திருந்தது ஒரே ஒரு ஆள்."

"மெஷின்ல கோளாறு இருக்கலாம்."

"பாஸ்?"

"ஒயர் மாறிப் போயிருக்கலாம். அவளுக்கே தெரியாம இருக்கலாம்." குரல் உயர்ந்தது. "என்ன பார்க்கறே? எனக்கு டைஃபாய்டு வந்தப்போ பரீட்சை எழுதப் போகாம என் பக்கத்துல உக்காந்திருந்தவடா அவ. ஒரு வருஷம் வீணாச்சு அவளுக்கு."

யாராவது சந்தேகத்தில் மாட்டினால், அந்த ஆளுக்காக வாதாடுவது என் வேலை. உடைப்பது அவர் வேலை. இன்றைக்கு வேலை மாறியிருந்தது.

அவர் படத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். "சும்மா இருக்கறப்போ இவ்வளவு மெதுவா யாருக்குத் துடிக்கும்?"

"ஆமைக்கு. இல்லைன்னா நல்லாப் பயிற்சி எடுத்த ஆளுக்கு. ஓடறவங்க, சைக்கிள் மிதிக்கறவங்க..." வாய் தானாக நின்றது. "நீந்தறதா நினைக்கறதுக்கு, நீந்தத் தெரிஞ்ச ஆள் வேணும் இல்ல பாஸ்?"

"அவளுக்கு நீச்சல் தெரியாது" என்றார் பாஸ். "கணுக்கால் நனைஞ்சாலே கத்துவா." சாவியைத் திருகினார்.

குளம் காலியாகத்தான் கிடந்தது. நீல ஓடு பதித்த பள்ளத்தைச் சுற்றிப் போலீஸ் நாடா கட்டியிருந்தது. தண்ணீர் இல்லாத குளத்தில் பேசினால் குரல் இரண்டாகத் திரும்பி வந்தது. உடை மாற்றும் அறை வாசலில், சிவப்பு ட்ராக் சூட் போட்ட ஒரு பெண் ரப்பர் கயிற்றைத் தூணில் மாட்டி, கைகளை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். கோச்சிடம் நீச்சல் பழகியவர்களில் மூத்தவள் தான்தான் என்று சொன்னாள்.

"கோச் உங்க நாடித் துடிப்பைப் பார்ப்பாங்களா?" என்றார் பாஸ்.

"தினம் பார்க்கணும் மேடம். கண்ணு முழிச்சதும் கழுத்துல கை வச்சு எண்ணிட்டு வந்து கோச்சுகிட்டச் சொல்லணும். ஏறியிருந்தா அன்னிக்கு ஓய்வு."

"யாருக்கு ரொம்ப மெதுவா இருக்கும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "சுறாவுக்கு. அவன் இதயம் அரசாங்க ஆபீஸ்டான்னு கோச் சொல்வாங்க. அவசரமே படாது."

நான் சிரித்தேன். பாஸ் சிரிக்கவில்லை.

"சுறா இப்போ எங்கே?"

"கோச் விழுந்ததுல இருந்து வரலை. அதுக்கு முந்தின சாயங்காலமே அவனை டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. அவன் பையில இருந்து ஊக்கமருந்து மாத்திரை விழுந்துச்சு, எல்லார் முன்னாடியும். ரொம்ப அழுதான். காலையில வந்து கோச் கால்ல விழறேன்னு சொன்னான்." அவள் கயிற்றைக் கழற்றினாள். "போலீஸ்கிட்ட இதைச் சொல்லலை மேடம். கோச்சோட தம்பிதான் பண்ணினார்னு போலீஸே சொன்னாங்க. அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

சுவரில் வரிசையாகப் போட்டோக்கள் மாட்டியிருந்தன. கழுத்தில் பதக்கத்தோடு, ஈரத் தலையோடு சிரிக்கும் ஒரு பையனை அவள் சுட்டிக் காட்டினாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம். பாஸின் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருஷமும் கேக்கோடு வந்து, என் தட்டிலிருந்தும் பிடுங்கித் தின்கிற முகம்.

"பாஸ்..."

பாஸ் போட்டோவின் பக்கம் திரும்பவே இல்லை. "கண்ணுல தண்ணி படுதுன்னு அழுவான். முதல் நீச்சல் கண்ணாடி நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்றார். "எங்கே பழகறே, யார்கிட்டப் பழகறேன்னு கேட்டதே இல்ல."

டாக்டரின் மகன் அவன். பாஸை 'சித்தி' என்று கூப்பிடுகிறவன்.

டாக்டர் தன் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பாஸ் உட்காரவில்லை. கைபேசியை மேஜை மேல் வைத்துப் படத்தை ஓடவிட்டு, வலது கையால் பீப்புக்கும் இடது கையால் கோட்டுக்கும் தட்டினார். ஒரு கை ஓடியது, ஒரு கை நடந்தது.

காபிக் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஜுரம் வரும்னு நீ எதிர்பார்க்கல" என்றார் பாஸ்.

"மெஷின்ல ஏதோ தப்பு..."

"அதை நானே சொல்லிப் பார்த்துட்டேன். ரேடியோகிட்டக் கேளு. உனக்காக அவனோட சண்டைகூடப் போட்டேன். யார் தலை அது?"

"என்கிட்டப் படிக்கற பசங்க எத்தனையோ பேர் தொப்பி மாட்டிப் பார்ப்பாங்க. அதுல ஒண்ணு..."

"சுறா" என்றார் பாஸ்.

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். தட்டில் வைக்காமல் பக்கத்தில் வைத்தார். காபி சிந்தியது.

"அவன் வேணும்னு செய்யலடி. கெஞ்சத்தான் போனான். அவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. கோபத்துல ஒரு தள்ளு. குளத்துல தண்ணி இருக்குன்னு நினைச்சுட்டான். தண்ணிக்குள்ள தள்ளி விளையாடறது அவங்களுக்கெல்லாம் சகஜம். இல்லைன்னு தெரிஞ்சதும் பயந்து ஓடி வந்துட்டான்."

"ஓடி வந்து உன்கிட்டச் சொன்னான். நீ அந்தத் தம்பி தலையில கட்டினே."

"என் ஒரே பிள்ளைடி! உன் மடியில வளர்ந்தவன். அந்த கோச் இனிமே எழுந்திரிக்கப் போறதில்ல. இருக்கற ஒரு உயிரையாவது..."

"கோச்சுக்கு நினைவு இருக்கான்னு நிஜமாவே கேட்டுப் பார்த்தியா?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"கேட்டேன்."

என் காதை நான் நம்பவில்லை.

"தொப்பி மாட்டின முதல் நாளே கேட்டேன். தனியா. என் பையனான்னு கேட்டேன். கோடு ஏறுச்சு. அந்தப் பதிவை அப்பவே அழிச்சுட்டேன்." அவர் குரல் தேய்ந்தது. "அப்புறம் சொன்னேன். தம்பின்னு சொல்லுங்க, கடைசி வரைக்கும் உங்களை நான் பார்த்துக்கறேன்னு. அதோட சரி. அவங்க நீந்தறதையே நிறுத்திட்டாங்க. என்ன கேட்டாலும் படுத்த கோடுதான். நீங்க கோச்சான்னு கேட்டாக்கூட. தினம் கேட்டேன். கெஞ்சினேன். ஒண்ணுமே இல்ல. அதனாலதான் அவன் தலையில தொப்பியை மாட்டி..."

"அப்போ அவங்களுக்கு எல்லாம் கேக்குது" என்றேன். பேசியது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "காலையில நீங்க அவங்க பேர்ல ஆமாம்னு சொன்னது. அந்தத் தம்பி கதறினது. கண்ணு வறண்டுச்சுன்னு நீங்க துடைச்சது. எல்லாம் கேட்டுக்கிட்டே படுத்திருந்தாங்க."

டாக்டர் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஏன் என்னைக் கூப்பிட்டே?" என்றார் பாஸ். "ஊர்ல வேற சாட்சியே இல்லையா?"

"நான் தனியாச் சொன்னா இன்ஸ்பெக்டர் ஆயிரம் கேள்வி கேப்பார். நீ பக்கத்துல நின்னா கேக்க மாட்டார்." மூடிய கைகளுக்குள்ளிருந்து வந்தது குரல். "நீ என்னைக் கேக்க மாட்டே."

மேஜையில் சிந்திய காபி விளிம்பு வரைக்கும் ஓடித் தரையில் சொட்ட ஆரம்பித்தது.

"ரேடியோ, இன்ஸ்பெக்டரை வரச் சொல்லு. அந்தத் தம்பியையும்."

இந்தத் தடவை பழைய பதிவை மூடி, தொப்பியிலிருந்து வரும் கோட்டையே திரைக்கு விடச் சொல்லி, விட்ட கையோடு டாக்டரை வெளியே உட்கார வைத்தார் பாஸ். பக்கத்தில் கான்ஸ்டபிள். நான் கோச்சின் காதருகே ஒரு தடவை பலமாகக் கை தட்டினேன். திரையில் கோடு முயல் மாதிரி துள்ளியது. பொடி நடுக்கமும் பீப்பும் ஜோடி போட்டுக்கொண்டு ஓடின.

"இது உயிரோட இருக்கற கோடு சார்" என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

பாஸ் குனிந்தார். "கோச், யாராவது உங்களைத் தள்ளினாங்களா?"

படுத்த கோடு.

"நான் பேசறது கேக்குதா?"

படுத்த கோடு.

இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்தார். "என்ன மேடம், இல்லைங்கறாங்களே?"

"சார், படுத்த கோட்டுக்கு இல்லைன்னும் அர்த்தம் உண்டு, போய் வேலையைப் பாருன்னும் அர்த்தம் உண்டு" என்றேன்.

"காலையில நான் இங்கேதான் நின்னேன்" என்றார் பாஸ், கோச்சிடம். "உங்க பேர்ல பொய் ஓடுச்சு. நான் படம் எடுத்துக்கிட்டு நின்னேன். என்னை நீங்க நம்பணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. உங்க தம்பியை வரச் சொல்றேன்."

ஆனால் தம்பி வாசலைத் தாண்ட மாட்டேன் என்றான். "அவதான் சொல்லிட்டாளே. இன்னும் எத்தனை தடவை கேக்கணும்?"

பாஸ் அவனிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவனுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் கட்டிலைப் பார்த்த பார்வை மாறியது. நடந்து வந்து, தரையில் மண்டி போட்டு, அக்காவின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தான்.

"அக்கா... அது நீ இல்லையா? நான் நம்பிட்டேன்க்கா. நீதான் சொல்றேன்னு நினைச்சு, திரும்பிக்கூடப் பார்க்காமப் போயிட்டேன். மன்னிச்சுடுக்கா." மூக்கை உறிஞ்சினான். "நான் உன்னைத் தள்ளலைன்னு உனக்குத் தெரியும்தானே?"

நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்தோம். கோடு நடுங்கிக்கொண்டே படுத்திருந்தது. அப்புறம் ஒரு பக்கம் லேசாகத் தலை தூக்கியது. காலையில் பார்த்த வழுவழுப்பான மலை இல்லை. நெடுநாள் தண்ணீரில் இறங்காத ஆள், மூச்சு வாங்கி மூச்சு வாங்கிக் கரைக்கு வருவது மாதிரி, தடுமாறித் தடுமாறி ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது.

தம்பி அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "இன்னொரு கேள்வியும் கேட்கணும் தம்பி. யாருன்னு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாஸ் சொல்லிக் கொடுத்த பெயரைக் கேட்டான். "சுறாவாக்கா?"

கோடு மறுபடி ஏறியது.

வெளியே பெஞ்சில் இருந்த டாக்டர் எங்கள் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டார். எழுந்து பாஸின் கையைப் பிடிக்க வந்தார். பாஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தட்டிவிட்டிருந்தால்கூட டாக்டருக்கு அவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

"பையன் எங்கேம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வீட்டுல..."

வீட்டுக்குப் போன போலீஸ் போனில் பேசியது. அறை காலி, ஜன்னல் திறந்திருக்கிறது என்றது. எங்கே போயிருப்பான் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. அவர் உண்மையிலேயே பயந்துபோனார். மகன் போய்விட்டதை அவர் அப்போதுதான் அறிந்தார்.

நாங்கள் காரில் உட்கார்ந்திருந்தோம். பின்னால் இன்ஸ்பெக்டரின் ஜீப் நின்றது. ஒரு ஜோக் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அவ பொய் சொன்னதைக்கூட விடு ரேடியோ" என்றார் பாஸ். "நான் சந்தேகப்படவே மாட்டேன்னு அவளுக்கு எவ்வளவு நிச்சயம் பாரு. அதை வச்சுக் கணக்குப் போட்டிருக்கா. இத்தனை வருஷமா நான் கொடுத்ததை எடுத்து எனக்கே..."

முடிக்கவில்லை. கைபேசி ஒலித்தது. திரையில் டாக்டரின் மகனுடைய சிரித்த முகம்.

பாஸ் எடுத்தார். அந்தப் பக்கம் அழுகை எனக்கே கேட்டது. "சித்தி... அம்மா போனை எடுக்க மாட்டேங்கறாங்க. வீட்டு வாசல்ல போலீஸ் நிக்குது. எனக்கு யார்கிட்டப் போறதுன்னு தெரியல சித்தி."

"எங்கடா இருக்கே?"

அவன் ஒரு இடம் சொன்னான். பழைய ரயில்வே சரக்குக் கிட்டங்கிக்குப் பின்பக்கம்.

"சாப்பிட்டியா?"

"இல்ல. சித்தி, நீங்க தனியாத்தானே வருவீங்க?"

பாஸ் பின்னால் தெரியும் கண்ணாடியைப் பார்த்தார். ஜீப்புக்குள் இன்ஸ்பெக்டர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பாஸின் கண் நிறைந்திருந்தது. குரலில் மட்டும் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"ஆமாண்டா கண்ணா. அங்கேயே இரு. சித்தி வர்றேன்."

"சரி சித்தி" என்றான் அவன். அழுகை நின்றிருந்தது.